கறந்த உடனே தோய்க்கவும்

தருமபுரி
5 ஜூன் 2024

திரு. அப்துல் ரஷீத் அவர்களுக்கு,

கால்நடைப் பொருள் தரக் கண்காணிப்புப் பிரிவின் ஆய்வாளர் அமுதவல்லி எழுதுவது.

நேற்று மாலை நான்கு முறை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். வாயால் சொன்னதை மறுநாள் இல்லவே இல்லை என்று சாதிக்கும் வியாபாரிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அதியமான்கோட்டையில் உங்கள் கொட்டகையில் (வெளியே பலகையில் 'தொழிற்கூடம்' என்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்) தயாராகும் 'மடிக்காப்பு' அயோடின் கரைசலின் மேல் புகார் வந்திருக்கிறது. பால் கறந்ததும் மாட்டின் காம்புகளை அதில் தோய்த்தால் மடிநோய் வராது என்று லேபிளில் அச்சடித்திருக்கிறீர்கள். மொரப்பூர் பக்கத்து விவசாயி மாயவன் ஏழு மாதமாக அதை வாங்கித் தோய்த்திருக்கிறார். அவருடைய மூன்று மாடுகளில் இரண்டுக்கு மடி வீங்கிவிட்டது. செவலை மாட்டுக்கு ஒரு காம்பு ஒரேயடியாக வற்றிப்போய்விட்டது. இனி அந்த மாட்டுக்கு மூன்று காம்புதான்.

திங்கட்கிழமை நான் எடுத்த மாதிரிகள் சென்னைப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்விட்டன. இருபது நாட்களுக்கு உங்கள் சரக்கில் ஒரு கேன்கூட வெளியே போகக் கூடாது. சரக்கு தரமில்லை என்று முடிவு வந்தால் உங்கள் உரிமம் ரத்தாகும். அதன் பிறகு பலகையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

எந்தத் தண்ணீரில் கலக்கிறீர்கள் என்று கேட்டதற்கு உங்கள் மேற்பார்வையாளர் கதிரவன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பதிலையும் எழுத்தில் தாருங்கள்.

அமுதவல்லி


அதியமான்கோட்டை
8 ஜூன் 2024

ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

எழுத்தில் கேட்டீர்கள், தருகிறேன். பிறகு நீளமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

முதலில் தண்ணீர். நாங்கள் கலப்பது வடிகட்டிய தண்ணீர். எங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடித்தால் பல்லே மஞ்சளாகிறது, அதில் மருந்து கலக்க நான் பைத்தியக்காரன் இல்லை. கதிரவன் உங்களை ஏற இறங்கப் பார்த்ததற்குக் காரணம், வடிகட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

தாங்கள் எங்கள் கொட்டகையில் (ஆம், கொட்டகைதான். அதில் எனக்கு வெட்கமில்லை) இருந்தது மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் மூக்கில் கைக்குட்டை. காசியம்மாள் நாற்காலி போட்டாள், அதை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். அவள் அதைத் துடைத்துவிட்டுத்தான் போட்டிருந்தாள். காசியம்மாளையும் சேர்த்து ஐந்து பெண்கள் இங்கே வேலை செய்கிறார்கள். உரிமம் போனால் அவர்கள் பைபாஸ் ஓட்டல்களில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும். அப்போதும் நீங்கள் கைக்குட்டையோடு வந்து பார்க்கலாம்.

என் தகப்பனார் தருமபுரியில் மாட்டுக் கயிறும் மணியும் விற்றவர். நான் வேதியியல் படித்தவன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைசலைச் செய்தபோது, 'மடி கழுவும் திரவம்' என்று மட்டும் எழுதி விற்றேன். மூன்று ஆண்டுக்கு முன் தாங்கள்தான் வந்து, "மடிநோய் தடுக்கும் என்று சொல்லி விற்கிறீர்கள், சொன்னால் அது மருந்து, மருந்துக்கு உரிமம் வேண்டும், லேபிளின் ஒவ்வொரு வரியையும் நாங்கள் பார்க்க வேண்டும்" என்றீர்கள். பார்த்தீர்கள். முத்திரையும் குத்தினீர்கள். இன்றைக்கு அதே ஆள் வந்து, எந்தத் தண்ணீர் என்று கேட்கிறீர்கள்.

மாயவன் என்பவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போல ஆயிரம் பேரைத் தெரியும். ஒரு மூடி மருந்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். கேனைக் கொண்டுபோய்த் தகரக் கூரைமேல் வெயிலில் வைப்பார்கள். கறந்த பிறகு தோய்க்கச் சொன்னால் கறப்பதற்கு முன் தோய்ப்பார்கள், அதுவும் ஞாபகம் வந்த நாளில். மடி வீங்கினால் மட்டும் மருந்து சரியில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாத புகாரை எழுதிக் கொடுக்க ஊரில் நாலு பேர், அதை நம்ப அலுவலகத்தில் ஒருவர்.

பரிசோதனை முடிவு வரட்டும், நான் காத்திருக்கிறேன்.

அப்துல் ரஷீத்


தருமபுரி
14 ஜூன் 2024

திரு. அப்துல் ரஷீத் அவர்களுக்கு,

உங்கள் ஐந்து பக்கங்களையும் படித்தேன். விளக்கம் என்று சொல்லத்தக்கது தண்ணீரைப் பற்றிய ஒரு வரி. மற்றது பொருமல்.

கைக்குட்டை உங்கள் அயோடின் நெடிக்கு அல்ல. பின்புறம் பழைய கேன்களைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குத் தனியாக நோட்டீஸ் வரும்.

மாயவனின் ஊரிலேயே இன்னும் இரண்டு வீட்டில் இருந்து புகார் வந்திருக்கிறது. மூன்று வீட்டிலும் அதே மருந்து, அதே மடிநோய். ஒருவர் வாளித் தண்ணீர் ஊற்றினார் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று வீட்டுக்காரர்களும் ஒன்றுகூடித் தங்கள் மாட்டைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்களா? விவசாயி என்றால் மூளை இருக்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர்களிடம் விற்றுத்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள்.

ஒரு கேள்வி. நீங்கள் மாடு வைத்திருக்கிறீர்களா? இந்த மருந்தில் ஒரு மாட்டின் காம்பைத் தோய்த்து நேரில் பார்த்திருக்கிறீர்களா?

அமுதவல்லி


அதியமான்கோட்டை
1 ஜூலை 2024

ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

சென்னையில் இருந்து முடிவு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். ஆனாலும் கண்ணில் படாமல் போயிருந்தால் என்று ஒரு நகலை இணைத்திருக்கிறேன். அயோடின் அளவு சரி. கிளிசரின் சரி. நிறம், அடர்த்தி, எல்லாம் சரி. 'தரமானது' என்ற சொல்லுக்குக் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன்.

மாடு வைத்திருக்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. சோப்பு செய்கிறவன் எல்லாம் தெருவில் நின்று குளித்துக் காட்ட வேண்டுமா? நாலு விரலும் சாணியில் படாமல் நல்ல மருந்து செய்ய முடியும் என்பதற்குத்தான் படிப்பு இருக்கிறது. உங்கள் விதிப்புத்தகத்தில் மாடு வைத்திருப்பவனுக்குத்தான் உரிமம் என்று ஒரு வரி இருந்தால் காட்டுங்கள், நாளைக்கே ஒரு பசு வாங்கிவிடுகிறேன்.

இருபது நாளாக ஒரு கேன் வெளியே போகவில்லை. மாரண்டஹள்ளியில் இருந்து பாலக்கோடு வரைக்கும் எல்லாக் கடையிலும் என் மருந்து கெட்டது என்று பேச்சு. பதினோரு வருடப் பெயர் போய்விட்டது. ஆகவே மாயவனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவேன், இல்லாவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கும் அனுப்பலாம் என்றுதான் வக்கீல் சொன்னார். அரசாங்கத்தின் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருப்பதால் வேண்டாம் என்றேன்.

அப்துல் ரஷீத்


தருமபுரி
8 ஜூலை 2024

திரு. அப்துல் ரஷீத் அவர்களுக்கு,

முடிவு என் கண்ணில் பட்டது. சரக்கின் மேல் இருந்த தடை முடிந்துவிட்டது, விற்றுக்கொள்ளுங்கள். மகிழ்ச்சியாக இருங்கள்.

உங்கள் வக்கீல் நோட்டீஸும் என் கண்ணில் பட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாயவனின் மனைவி செல்லி வெள்ளிக்கிழமை அலுவலகம் வந்தார். மொரப்பூரில் இருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நான் வரும்வரை வராந்தாவில் நின்றிருக்கிறார். ஒரு கூடையில் உங்கள் காலி கேன், தோய்க்கும் பிளாஸ்டிக் கப், அந்த நோட்டீஸ்.

"கோர்ட்டுக்குக் கூப்புடறாங்களாமுங்க. எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா சோறு திங்கலீங்க. ஜெயில்ல போட்ருவாங்களான்னு கேக்கறாருங்க" என்றார்.

மருந்தில் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டேன். வெயிலில் வைத்தாயா என்று கேட்டேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன்.

"எழுதியிருக்கறதைத் தாண்டி ஒண்ணும் பண்ணலீங்க. எங்க பொண்ணு படிச்சுக் காட்டுச்சு. நான் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக் கத்துக்கிட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு லேபிள் முழுவதையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். 'பால் கறந்த உடனே நான்கு காம்புகளையும் முழுதும் நனையுமாறு தோய்க்கவும்' என்ற வரியை இரண்டு முறை ஒப்பித்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நான் நம்பவில்லை. ஒப்பிக்கிறவர்கள் எல்லாம் செய்கிறவர்கள் இல்லை. ஆனால் உங்களையும் நம்பவில்லை. மாதிரி எடுக்கப்போவது தெரிந்தால் நல்ல சரக்கை முன்னால் அடுக்கத் தெரியாதவரா நீங்கள்? மருந்து நன்றாக இருக்கிறது, தோய்ப்பது நன்றாக இருக்கிறது, மடி மட்டும் அழுகுகிறது என்றால் உங்கள் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள்.

பயன் இல்லாத மருந்துக்கு உரிமம் எதற்கு என்று விளக்கம் கேட்கும் அறிவிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜூலை 25 காலை பதினொரு மணிக்குப் பெரிய அதிகாரி முன் விசாரணை. உரிமத்தை ரத்து செய்யத்தான் நான் பரிந்துரைக்கப் போகிறேன்.

அமுதவல்லி


அதியமான்கோட்டை
11 ஜூலை 2024

ஆய்வாளர் அம்மையார் அவர்களுக்கு,

பரிசோதனையில் தோற்றால் உரிமம் ரத்து. பரிசோதனையில் ஜெயித்தாலும் உரிமம் ரத்து. இந்த வித்தையை எந்தப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்த அம்மாள் ஒப்பித்தார் என்கிறீர்கள். கிளி கூடத்தான் ஒப்பிக்கும். பொய் சொல்வது யார் என்று தெரிய வேண்டுமானால் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து என்ன பயன்? மொரப்பூருக்குப் பஸ் ஓடுகிறது. ரயில்கூட நிற்கிறது. விடியற்காலையில் எழுந்து, அவர்கள் கறக்கிற நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். மாட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், உதைத்துவிட்டால் அந்தக் குற்றமும் என் மருந்தின் மேல் விழும்.

எனக்கு வயது அறுபத்தொன்று, முழங்கால் வலி. அதனால் நான் போகவில்லை.

உங்கள் கடிதங்களை என் மனைவி ஷரீபுன்னிசாவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அவளுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. போன கடிதத்தைக் கேட்டுவிட்டு, "கன்னுக்குட்டி எப்ப ஊட்டுதுன்னு அந்தம்மா கேட்டாங்களா?" என்றாள். மருந்தைப் பற்றிப் பேசும்போது கன்றுக்குட்டி எங்கே வந்தது என்றேன். முறைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மாரண்டஹள்ளியில் அவள் பிறந்த வீட்டில் இரண்டு மாடு இருந்தது, அந்தத் தைரியம். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், வெளியே ஒரு ஆய்வாளர் போதாதென்று எனக்கு வீட்டிலும் ஒருவர் உண்டு என்று உங்களுக்குத் தெரியட்டும்.

அப்துல் ரஷீத்


தருமபுரி
17 ஜூலை 2024

திரு. அப்துல் ரஷீத் அவர்களுக்கு,

போனேன். பார்த்தேன்.

காலை ஐந்தரை மணிக்கு மாயவன் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் நின்றேன். சொல்லாமல்தான் போனேன். உங்கள் கேன் நிழலில், மூடி இறுக்கமாக மூடி, ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. அதன் மேல் துணி வேறு. உங்கள் கொட்டகையில்கூட அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கவில்லை.

செல்லி முதலில் கன்றை அவிழ்த்துவிட்டார். அது நாலு முட்டு முட்டியதும் மாடு பால் சுரந்தது. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு, மடியைக் கழுவித் துடைத்து, கறந்தார். கறந்து எழுந்த கையோடு கப்பில் மருந்து ஊற்றி ஒவ்வொரு காம்பாகத் தோய்த்தார். முழுக்காம்பும் பழுப்பாக நனைந்தது. அவ்வளவு பக்குவமாக நான் தோய்த்திருக்க மாட்டேன். நீங்கள் நிச்சயமாகத் தோய்த்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம் போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார்.

அது ஓடி வந்து நாலு காம்பையும் மாற்றி மாற்றிச் சப்பிக் குடித்தது. கடைசிப் பால் கன்றுக்கு என்பது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் வழக்கமாம். குடித்து முடித்தபோது கன்றின் வாயெல்லாம் பழுப்பு. காம்புகள் துடைத்துவிட்டது மாதிரி வெளுப்பாக இருந்தன. மாடு சாவகாசமாகச் சாணத்தின் மேல் படுத்தது. கறந்த காம்பின் துவாரம் மூடுவதற்கு அரை மணி நேரம் ஆகும் என்றும், அதுவரை காப்பதுதான் உங்கள் மருந்தின் வேலை என்றும் உங்கள் விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை மணியில் மருந்து கன்றின் வயிற்றில் இருந்தது.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. கறந்த உடனேன்னு போட்டிருக்குதுங்களே. மொத ரெண்டு நாளு கன்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அப்புறம் பழகிக்கிச்சுங்க" என்றார்.

ஆகவே பொய் சொன்னவர் செல்லி இல்லை. ஏழு மாதமாகத் தினம் இரண்டு வேளை உங்கள் மருந்தைக் கன்றுக்கு ஊட்டச் சொன்னது உங்கள் லேபிள். எந்த வெளிநாட்டுப் பண்ணையின் லேபிளைப் பார்த்துக் காப்பியடித்தீர்கள்? அங்கே கன்றைப் பிறந்த அன்றே பிரித்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை என்பது பால் வாங்கும் சின்னக் குழந்தைக்குத் தெரியும். பதினோரு வருடம் காம்பு மருந்து செய்தவர், ஒரு காலையாவது ஒரு கொட்டத்தில் நின்று பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேதியியல் படித்தீர்களாம்!

25ஆம் தேதி உங்கள் உரிமம் போகும். அந்த ஐந்து பெண்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அமுதவல்லி


அதியமான்கோட்டை
19 ஜூலை 2024

அம்மையார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் ஷரீபுன்னிசாவுக்குப் படித்துக் காட்டினேன். கன்று வருகிற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அவள் "மேல படிங்க" என்றாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் கொட்டத்தில் நின்றதில்லை. முழங்கால் வலி பதினோரு வருடமாக இல்லை, இரண்டு வருடமாகத்தான்.

ஆனால் ஒன்றைக் கேட்கவும் செய்வேன். 2021இல் நான் கொடுத்த முதல் லேபிள் வரைவில் வேறு ஒரு வரி இருந்தது. 'கன்று ஊட்டி முடித்து அதைக் கட்டிய பிறகே காம்பைத் தோய்க்கவும்' என்று. சேர்க்கச் சொன்னது ஷரீபுன்னிசா. அன்று அவள் கன்றைப் பற்றிக் கேட்டபோதுகூட எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் இருந்து திரும்பி வந்தபோது அந்த வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. 'கறந்த உடனே' என்று மேலே எழுதியிருந்தது. என்னிடம் இருந்த பிரதி போன வருட மழையில் ஊறிப் போய்விட்டது. எனவே என்னால் நிரூபிக்க முடியாது. கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

அந்தச் சிவப்பு மை யாருடையது?

அப்துல் ரஷீத்


தருமபுரி
22 ஜூலை 2024

திரு. அப்துல் ரஷீத் அவர்களுக்கு,

என்னுடையது.

வரைவின் நகலை இணைத்திருக்கிறேன். கோட்டைப் பாருங்கள், ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறேன். ஓரத்தில் என் கையெழுத்தில் இருப்பது: 'பட்டிக்காட்டு வாசகம். மருந்து லேபிளில் கன்றுக்குட்டிக்கு என்ன வேலை? நீக்கவும். அ.வ.'

வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஆங்கில வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் இல்லாத எல்லாவற்றையும் அடித்தேன். அடிப்பது அப்போது நன்றாக இருந்தது. மாயவனின் கொட்டத்தில் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுகூட இது எனக்கு ஞாபகம் வரவில்லை. உங்களைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். என்னைப் போல ஒரு ஆளை நான் வேறு இடத்தில் சந்தித்திருந்தால் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். என் கடிதங்களை நீங்கள் வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். பிரதி உங்களிடம் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், அது முட்டாள்தனம். கோப்பை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பெரிய அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் நீங்கள் அதற்குள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அதே கோப்பில் அடுத்த தாள் உங்களுடையது. 14 செப்டம்பர் 2021 தேதியிட்டு, திருத்திய லேபிளோடு வந்த கடிதம். அதன் நகலையும் சேர்த்திருக்கிறேன். மறந்திருந்தால் இங்கேயும் எழுதுகிறேன்: 'தாங்கள் நீக்கிய வரி என் வீட்டில் உள்ள ஒரு படிக்காத பெண்ணின் யோசனை. அதை நானே முன்பு நீக்காமல் தங்கள் பொன்னான நேரத்தை வீணடித்ததற்கு மன்னிக்கவும். தங்கள் திருத்தம் மிகப் பொருத்தமானது.'

மாடு இருந்த வீட்டில் பிறந்த ஒரே ஒருவர் சொன்னதை நான் அடித்தேன், நீங்கள் அதற்கு நன்றி சொன்னீர்கள். இந்தக் கடிதத்தையும் வீட்டில் படித்துக் காட்டுவீர்களா?

பழைய லேபிள் ஒட்டிய கேன்கள் எல்லாவற்றையும் கடைகளில் இருந்து உடனே திரும்பப் பெறுங்கள். இது உத்தரவு. 25ஆம் தேதி விசாரணை நடக்கும். அதில் பதில் சொல்ல வேண்டியவர்கள் இப்போது இரண்டு பேர்.

அமுதவல்லி


அதியமான்கோட்டை
2 ஆகஸ்ட் 2024

அமுதவல்லி அம்மையார் அவர்களுக்கு,

விசாரணை அன்று நீங்கள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் இதையும் எழுத்திலேயே தருகிறேன்.

உங்கள் சிவப்புக் கோட்டை வைத்து உங்களைக் கிழித்துவிடலாம் என்று வக்கீல் சொன்னார். நானும் ஒரு நாள் முழுக்க அதே நினைப்பில்தான் இருந்தேன். ஆனால் உங்கள் தாளை எடுத்தால் பின்னாலேயே என் தாளும் வருகிறது. பெரிய அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு மேல யாரு நடவடிக்கை எடுக்கறது?" என்று கேட்டபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். உங்களுக்கு மெமோ, எனக்கு எச்சரிக்கை, உரிமம் பிழைத்தது. ஐந்து பெண்களுக்கும் வேலை இருக்கிறது. இது நமக்குக் கொஞ்சம் மலிவாகவே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான் வீட்டில் படித்துக் காட்டவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். ஷரீபுன்னிசா எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பழைய கடிதத்தின் நகல் வரைக்கும் தானே படித்தாள். மடித்து என் முன்னால் வைத்து, "படிக்காத பொம்பளை படிச்சு முடிச்சுட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள், "மொரப்பூருக்குப் போலாம், கெளம்புங்க" என்றாள்.

நோட்டீஸை வாபஸ் வாங்கிய காகிதத்தோடு போனோம். மாயவன் காகிதத்தை வாங்கிக்கொண்டார், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. ஷரீபுன்னிசா நேராகக் கொட்டத்துக்குப் போய்ச் செவலையின் மடியைத் தடவிப் பார்த்தாள். வற்றிப்போன காம்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். கல் மாதிரி இருந்தது. பதினோரு வருடத்தில் நான் தொட்ட முதல் காம்பு அது.

செல்லியிடம் மன்னிப்புக் கேட்டேன். நிறையப் பேசினேன் என்று நினைக்கிறேன். உங்கள் அலுவலகம், சிவப்பு மை, ஆங்கிலப் புத்தகம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மருந்து வர்றதுக்கு முந்தி, கன்னு ஊட்டி முடிச்ச பொறகுதானுங்க மடியக் கழுவி வுடுவேன்" என்றார். "எங்க ஆத்தா காலத்துல இருந்து அப்படித்தான். இந்த மருந்தையும் அப்படித்தான் போடணும்னு கை போச்சுங்க. ஆனா அச்சடிச்சிருக்கே, அரசாங்க நம்பரு போட்டிருக்கே, நம்மளவிடத் தெரிஞ்சவங்க எழுதியிருப்பாங்கன்னு நெனச்சு கையக் கட்டிப் போட்டுட்டேன். எம் புத்தியக் கேட்டிருந்தா நாலு காம்பும் இருந்திருக்கும்."

பையில் இருந்த புது லேபிளை எடுத்தேன். உங்கள் ஒப்புதலுக்கு இன்று அனுப்பப் போகும் அதே லேபிள்தான், இத்துடன் இருக்கிறது. ஷரீபுன்னிசாவின் பழைய வரியை அப்படியே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். அதைச் செல்லிக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். கன்று ஊட்டி முடித்து அதைக் கட்டிய பிறகே காம்பைத் தோய்க்கவும்.

அவர் புல்லுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. நீங்களும் நானும் இரண்டு மாதமாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட எதுவும் அந்தப் பார்வைக்குக் கிட்டே வராது.

"இது எங்களுக்குத் தெரியுமுங்க" என்றார். "எழுதி வெச்சுக்க வேண்டியது நீங்கதான்."

அப்துல் ரஷீத்